கயிறு, நாண், கோனியோமீட்டர்: மூட்டுக் கோணத்தை அளந்த கதை

மனித உடம்பில் ஒரு மூட்டு எவ்வளவு மடங்குகிறது, எவ்வளவு நீள்கிறது என்று கண்டுபிடிக்க பெரிய கணிதம் எதுவும் வேண்டாம். பள்ளிக்கூடக் கணக்கே போதும். ஆனால் இந்தச் சின்னக் கணக்கு வேலூரில் ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கான கைகளின் தலையெழுத்தை மாற்றியிருக்கிறது. இன்றைக்கும் நம்ம ஊரில் யாருக்கு ஊனச் சான்றிதழ், யாருக்குச் சலுகை என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் இதே கணக்குதான்.

எனக்கு இதில் ஆர்வம் வந்ததற்குக் காரணம் ஒரு கேள்வி. எங்கள் வானூர் பக்கம் இருந்து மரக்காணம் உப்பளத்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு அண்ணன், பாத்தி வரப்பில் வழுக்கி விழுந்து தோளையும் முழங்கையையும் உடைத்துக்கொண்டார். எலும்பு கூடிவிட்டது, கை பழையபடி வரவில்லை. அவருடைய சான்றிதழில் போட்டிருந்த சதவீதம் 40-க்குக் கொஞ்சம் கீழே. "தம்பி, நீ கம்ப்யூட்டர்ல வேலை பாக்குற, இந்தக் கணக்கை எப்படிப் போடுறாங்கன்னு சொல்லு" என்று கேட்டார். அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அதன் பிறகு படித்ததுதான் இந்தக் குறிப்பு.

கயிறும் மூன்று புள்ளிகளும்

முதலில் அடிப்படை. கோணம் என்றால் மூன்று புள்ளிகள் வேண்டும். முழங்காலை எடுத்துக்கொண்டால் இடுப்புப் பக்கத்தில் தொடை எலும்பின் மேடு ஒன்று, முழங்காலின் வெளிப்பக்கம் ஒன்று, கணுக்காலின் வெளிமுட்டு ஒன்று. மூன்றையும் தோலின் மேலே தொட்டுப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

உப்பு வாருகிற ஒருவர் முழங்காலை மடக்கி நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கயிற்றால் மூன்று தூரங்களை அளக்கிறோம். தொடை 42 செ.மீ., கீழ்க்கால் 40 செ.மீ., இடுப்பிலிருந்து கணுக்காலுக்கு நேராக 58 செ.மீ. இப்போ 42-இன் வர்க்கம் 1764, 40-இன் வர்க்கம் 1600, இரண்டையும் கூட்டினால் 3364. 58-இன் வர்க்கமும் 3364. பிதாகரஸ் தேற்றப்படி முழங்கால் சரியாக 90 டிகிரியில் மடங்கியிருக்கிறது.

எல்லா நேரமும் இப்படி வசதியாக 90 வந்து நிற்காது. அதற்குத்தான் பதினொன்றாம் வகுப்பில் படித்த கொசைன் சூத்திரம். இரண்டு பக்க வர்க்கங்களைக் கூட்டி, எதிர்ப்பக்க வர்க்கத்தைக் கழித்து, இரண்டு பக்கங்களின் பெருக்கலைப் போல இரு மடங்கால் வகுத்தால் கோணத்தின் கொசைன் கிடைக்கும். நேர்தூரம் 75 செ.மீ. என்றால், 3364-இலிருந்து 5625-ஐக் கழித்து 3360-ஆல் வகுக்க வேண்டும். விடை மைனஸ் 0.673. கோணம் ஏறக்குறைய 132 டிகிரி. அவ்வளவுதான்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. கயிற்றைப் பிடிக்கும்போது 1 செ.மீ. தவறு வருவது சகஜம். 58 என்பதை 59 என்று அளந்துவிட்டால் விடை 92 டிகிரி. 2 டிகிரிதான் பிழை, பரவாயில்லை. கால் முழுசாக நீண்டிருக்கும்போது நேர்தூரம் 42 + 40 = 82 செ.மீ., கோணம் 180 டிகிரி. அந்த 82-ஐ 81 என்று அளந்துவிட்டால் விடை 162 டிகிரி என்று வரும். அதே 1 செ.மீ. தவறு, இங்கே 18 டிகிரி பிழை!

மடங்கிய காலை அளக்கக் கயிறு நல்ல கருவி. ஏறக்குறைய நீண்ட காலை அளக்க அது ஆகாது. துரதிர்ஷ்டம் என்னவென்றால், மருத்துவருக்கு அதிகம் தேவைப்படுவது அந்தக் கடைசிச் சில டிகிரிகள்தான். "முழுசா நீட்ட முடியுதா, கொஞ்சம் மடங்கியே நிக்குதா?" என்பதுதான் அங்கே கேள்வி.

ஆரியபட்டரின் அட்டவணையில் இதே விஷயம்

இந்தச் சிக்கலை ஒரு பழைய அட்டவணை அழகாகக் காட்டுகிறது. கி.பி. 499-ஐ ஒட்டிய ஆரியபட்டீயத்தில் 24 எண்கள் கொண்ட ஒரு வரிசை உண்டு. ஒரு வட்டத்தில் கோணம் ஏற ஏற அரைநாணின் நீளம் எவ்வளவு கூடுகிறது என்பதன் பட்டியல் அது. 'ஜ்யா' என்றால் வில்லின் நாண். இந்தச் சொல் அரபிக்குப் போய், அங்கே வேறு சொல்லாக வாசிக்கப்பட்டு, லத்தீனில் 'சைனஸ்' என்று மொழிபெயர்க்கப்பட்டதுதான் நாம் பள்ளியில் படித்த 'சைன்'.

அந்த வரிசையில் ஒவ்வொரு படியும் மூன்றே முக்கால் டிகிரி. வட்டத்தின் ஆரம் 3438. முதல் படியில் அரைநாண் 225 கூடுகிறது. அடுத்ததில் 224, பிறகு 222, 219 என்று குறைந்துகொண்டே வந்து, கடைசிப் படியில் வெறும் 7 மட்டுமே கூடுகிறது.

தொடையும் கீழ்க்காலும் சம நீளம் என்று வைத்துக்கொண்டால், நமது கயிறு அளப்பது முழங்கால் கோணத்தின் பாதிக்குரிய அரைநாணை, இரண்டு மடங்காக. கால் நேராக நீளும்போது அந்தப் பாதிக் கோணம் 90-ஐ நெருங்குகிறது. அதாவது அட்டவணையின் கடைசிப் படியில் நிற்கிறோம். முழங்கால் கடைசி ஏழரை டிகிரி நீள்வதற்குக் கயிறு 2 மில்லிமீட்டர்கூட நகராது. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு முந்தைய அந்த 7-தான் மேலே பார்த்த 18 டிகிரிப் பிழைக்கும் காரணம்.

இரண்டு கைகள் கொண்ட கோணமானி

தீர்வு என்ன? நீளத்தை அளந்து கோணத்துக்கு மாற்றுவதை விட்டுவிட்டு, கோணத்தை நேராகவே அளப்பது. அதற்கான கருவி கோனியோமீட்டர். ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் கோணமானியின் நடுவில் இரண்டு நீளமான பட்டைகளை ஆணி அடித்து மாட்டினால் அதுதான் கோனியோமீட்டர். ஆணி மூட்டின் மேல், ஒரு பட்டை மேல் எலும்பின் போக்கில், மற்றது கீழ் எலும்பின் போக்கில். இதில் மடங்கிய நிலைக்கும் நீண்ட நிலைக்கும் பிழை ஏறக்குறைய ஒன்றுதான்.

இந்தக் கருவி மருத்துவத்தில் பிறந்தது இல்லை. 1780-இல் பிரான்சில் காரஞ்சோ என்பவர் படிகங்களின் முகங்களுக்கு இடையிலான கோணத்தை அளக்கத் தொடுகோணமானி ஒன்றைச் செய்தார். முதல் உலகப் போரில் கை கால் காயம்பட்டுத் திரும்பிய சிப்பாய்கள் ஏராளம். யாருக்கு எவ்வளவு ஊனம், எவ்வளவு ஓய்வூதியம் என்று தீர்மானிக்க வேண்டிய கட்டாயத்தில்தான் மூட்டுகளை டிகிரிக் கணக்கில் அளப்பது பரவலானது. ஆக, இந்த அளவீட்டின் வளர்ச்சியில் ஆரம்பத்திலிருந்தே பணமும் உரிமையும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

அப்போது இன்னொரு குழப்பம். நேராக நீண்ட முழங்காலை ஒரு மருத்துவர் 180 என்று எழுதுவார், இன்னொருவர் 0 என்று எழுதுவார். 1936-இல் கேவ், ராபர்ட்ஸ் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் இயல்பாக நிற்கும் நிலையையே எல்லா மூட்டுகளுக்கும் பூஜ்யமாக வைத்துக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். 1965-இல் அமெரிக்க எலும்பியல் மருத்துவர்கள் அமைப்பு இந்த முறையில் ஒரு கையேடே வெளியிட்டது. நமது 132 டிகிரி முழங்கால் இந்த முறையில் 48 டிகிரி மடக்கம். மென்பொருள்காரர்களுக்கு இது பழகிய தலைவலிதான்: எண்ணிக்கையை 0-இலிருந்து தொடங்குவதா, 1-இலிருந்தா என்பதைப் போல.

வேலூரில் நடந்தது

இனி நம்ம ஊர்க் கதை. பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் மிஷனரி பெற்றோருக்குப் பிறந்தவர். லண்டனில் அறுவை மருத்துவம் படித்துவிட்டு 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டு அருகே திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனைக்கு அவரை அழைத்துப் போய்ச் சுற்றிக் காட்டியவர் அங்கே பொறுப்பில் இருந்த ராபர்ட் காக்ரேன். விரல்கள் கொக்கி போல மடங்கிப்போன ஒரு நோயாளியிடம், தன் கையைப் பிடித்து இறுக்கச் சொன்னார் பிராண்ட். செத்துப்போன கை என்று நினைத்தால், பிடி இரும்பு மாதிரி இருந்தது. அவரே பிற்காலத்தில் பலமுறை சொன்ன சம்பவம் இது.

அந்தப் பிடி சொன்ன சேதி: கையில் எல்லாத் தசையும் செயலிழக்கவில்லை. தொழுநோய் முழங்கைக்குப் பக்கத்தில் அல்நார் நரம்பைத் தாக்குகிறது. அதனால் உள்ளங்கைக்குள் இருக்கும் சின்னத் தசைகள் செயலிழக்கின்றன. முன்கையில் இருக்கும் பெரிய தசைகளில் பல நல்ல நிலையிலேயே இருக்கின்றன. சின்னத் தசைகளின் தடுப்பு இல்லாததால் விரலின் அடிமூட்டு பின்னால் சாய்கிறது, நடுமூட்டு முன்னால் மடங்குகிறது. நல்ல தசை ஒன்றின் தசைநாணை எடுத்து, வேலை செய்யாத தசையின் இடத்தில் பொருத்தினால் விரல் மறுபடி நிமிரலாம். போலியோவாலும் நரம்புக் காயத்தாலும் செயலிழந்த கைகளுக்கு இந்த வகை அறுவை சிகிச்சை முன்பே இருந்தது. தொழுநோய்க் கைகளுக்கு அதைத் தொடர்ச்சியாகச் செய்து, முடிவுகளைப் பதிவு செய்தது வேலூர். 1951-இல் அங்கே நவஜீவ நிலையம் தொடங்கியது. 1952-இல் லண்டன் அறுவை மருத்துவர்கள் கல்லூரியில் இந்த வேலையைப் பற்றி ஹன்டேரியன் சொற்பொழிவு ஆற்றினார் பிராண்ட். 1955-இல் வேலூருக்குப் பக்கத்தில் கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை வந்தது.

மருத்துவ உலகமே "தொழுநோய்க்காரர் கை அழுகிப்போகும் கை" என்று நம்பிக்கொண்டிருந்த காலம். "விரல் நிமிர்ந்துவிட்டது" என்று வாயால் சொன்னால் யார் ஏற்றுக்கொள்வார்கள்? அறுவைக்கு முன் எத்தனை டிகிரி, பின் எத்தனை டிகிரி, சில வருடம் கழித்து எத்தனை டிகிரி என்று காட்ட வேண்டும். விரல் முதுகில் ஒரு சின்னக் கோணமானியை வைத்து, ஒவ்வொரு விரலாக அளந்து எழுத வேண்டும். இந்த வேலைக்குப் பெரிய படிப்பு தேவைப்படவில்லை. பட்டம் இல்லாதவர்களும் பயிற்சி பெற்று, பிசியோதெரபி உதவியாளர்களாக இதைச் செய்தார்கள்.

மூன்று அளவு, இரண்டு கழித்தல்

எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான். தொழுநோய்க் கை அறுவை சிகிச்சையில், விரலின் நடுமூட்டை ஒரே ஒரு தடவை அளந்துவிட்டு விடுவதில்லை. மூன்று விதமாக அளக்கிறார்கள்.

முதல் அளவு: நோயாளி அடிமூட்டை மடக்கிக்கொண்டு, விரலைத் தானாக நீட்ட முயல்கிறார். இது துணையில்லாக் கோணம். இரண்டாம் அளவு: அளப்பவர் அடிமூட்டு பின்னால் சாயாமல் பிடித்துக்கொள்கிறார், நோயாளி நீட்டுகிறார். இது துணையுள்ள கோணம். மூன்றாம் அளவு: அளப்பவரே விரலைப் பிடித்து, போகும் வரைக்கும் நிமிர்த்துகிறார். அப்போதும் நிமிராமல் மிச்சம் இருப்பது இறுக்கக் கோணம்.

நானாக எடுத்துக்கொண்ட ஒரு உதாரணம். மூன்று அளவுகளும் முறையே 60, 20, 10 டிகிரி என்று வைத்துக்கொள்வோம்.

60-இலிருந்து 20-ஐக் கழித்தால் 40. அடிமூட்டைப் பிடித்துக்கொள்ள ஆள் இருந்தால் இந்த 40 டிகிரியும் சரியாகிறது. அந்த ஆள் செய்த வேலையைச் செய்ய வேண்டியவை செயலிழந்த சின்னத் தசைகள். ஆகவே தசைநாண் மாற்று அறுவையால் திரும்பக் கிடைக்கக்கூடியது இந்த 40.

20-இலிருந்து 10-ஐக் கழித்தால் 10. பிடித்து நிமிர்த்தினால் போகிறது, தானாக நீட்டினால் போகவில்லை. விரலின் மேல்பக்கத்தில் நீட்டுகிற தசைநாண் தொய்ந்துபோயிருக்கிறது என்று அர்த்தம். இது வேறு பிரச்சினை.

கடைசி 10 டிகிரி, யார் பிடித்தாலும் நிமிராதது. தோலோ மூட்டோ இறுகிப்போயிருக்கிறது. இதற்கு எண்ணெய் தேய்ப்பு, பயிற்சி, படிப்படியாக மாற்றிப் போடும் மாவுக்கட்டு. அறுவைக்கு முன்னாலேயே இதைச் சரி செய்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மாற்றி வைத்த தசைநாண், இறுகிப்போன மூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்.

பாருங்கள், வெளியிலிருந்து பார்த்தால் ஒரே ஒரு கோணலான விரல். இரண்டாம் வகுப்புக் கழித்தல் இரண்டு போட்டதும் அது மூன்று தனித்தனிக் கோளாறுகளாகப் பிரிந்துவிட்டது, ஒவ்வொன்றுக்கும் தனி வைத்தியத்தோடு. "இந்தக் கை அவ்வளவுதான்" என்ற ஒற்றைத் தீர்ப்பை உடைத்தது இந்தக் கழித்தல். பிராண்ட் 1966-இல் அமெரிக்காவில் லூசியானாவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். கையின் இயந்திரவியல் பற்றி 1985-இல் அவர் வெளியிட்ட புத்தகம் இன்றும் கை அறுவை மருத்துவர்கள் படிப்பது.

நாற்பது சதவீதக் கணக்கு

இப்போ அந்த அண்ணனின் கேள்விக்கு வருவோம். மத்திய அரசு 2001-இல் ஊனத்தை மதிப்பிட வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. 2016-இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்த பிறகு 2018-இல் அவை திருத்தி வெளியிடப்பட்டன. பல சலுகைகளுக்குக் குறைந்தது 40 சதவீதம் வேண்டும்.

கை என்றால் தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றுக்கும் சம எடை, ஆளுக்கு 0.30. ஒரு மூட்டு இழந்த அசைவு எத்தனை சதவீதமோ அதை 0.30-ஆல் பெருக்க வேண்டும். தசை வலு இழப்புக்கும் இதே மாதிரி. பிறகு இரண்டையும் அப்படியே கூட்டுவதில்லை. பெரிய எண் 'அ', சின்ன எண் 'ஆ' என்றால்,

அ + ஆ × (90 − அ) ÷ 90

என்பதுதான் சூத்திரம். இழப்பைக் கூட்டிக்கொண்டே போனாலும் 90-ஐத் தாண்டாமல் இருக்க இந்த ஏற்பாடு.

கீழே இருப்பது அண்ணனுடைய கணக்கு இல்லை, புரிவதற்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். ஒருங்கிணைப்பு மாதிரியான மற்ற அம்சங்களையும் விட்டுவிடுகிறேன்.

தோள் பக்கவாட்டில் 180 டிகிரி தூக்க வேண்டியது 90-தான் போகிறது. இழப்பு 50 சதவீதம், 0.30-ஆல் பெருக்கினால் 15. முழங்கை 150 டிகிரி மடங்க வேண்டியது 95-தான் மடங்குகிறது. இழப்பு 55 டிகிரி, ஏறக்குறைய 36.7 சதவீதம், பெருக்கினால் 11. அசைவு இழப்பு மொத்தம் 26. தசை வலு இழப்பு தோளில் 40 சதவீதம், முழங்கையில் 20 சதவீதம் என்றால் 12 + 6 = 18. சூத்திரத்தில் போட்டால் 26 + 18 × 64 ÷ 90 = 38.8. நாற்பதுக்குக் கீழே.

கோனியோமீட்டரில் 5 டிகிரி வரை வித்தியாசம் வருவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வது வழக்கம். ஒரே மூட்டை இரண்டு பேர் அளந்தால் அவ்வளவு மாறலாம். தோள் 85, முழங்கை 90 என்று இன்னொருவர் அளந்தார் என்று வையுங்கள். தோளுக்கு 15.8, முழங்கைக்கு 12, மொத்தம் 27.8. தசை வலு அதே 18. சூத்திரப்படி 40.3. நாற்பதுக்கு மேலே!

அதே கை, அதே மனிதர், அதே நாள். யாரும் ஏமாற்றவில்லை, யாரும் தப்பாக அளக்கவும் இல்லை. கருவியின் இயல்பான பிழைக்குள்ளேயே எல்லைக்கோடு அடங்கிவிடுகிறது.

கைபேசி அளந்தால்?

"இப்போதான் கேமராவே அளக்குதே, அதில் பிழை இருக்காதே" என்று என் அலுவலக நண்பர்கள் கேட்டார்கள். 1891-இல் ஜெர்மனியின் லைப்சிக்கில் பிரவுனே, ஃபிஷர் என்ற இருவர் ஒரு ஆளின் உடம்பில் ஒளிரும் குழாய்களைக் கட்டி, இருட்டில் நடக்கவிட்டுப் பல கேமராக்களால் படம் எடுத்தார்கள். சில அடிகள் நடந்ததற்கு மாதக்கணக்கில் கையால் கணக்குப் போட்டார்கள். 2020-இல் கூகுள் வெளியிட்ட பிளேஸ்போஸ் மாதிரியான மென்பொருள், கைபேசியிலேயே உடம்பின் 33 புள்ளிகளைக் கண்டுபிடித்துவிடுகிறது. மூன்று புள்ளி கிடைத்தால் மிச்சம் நமக்குத் தெரிந்த கணக்குதானே.

ஆனால் படம் தட்டையானது. மேல்கை நேராகத் தொங்க, முழங்கை 45 டிகிரி மடங்கியிருக்கிறது என்று வையுங்கள். கேமரா சரியாகப் பக்கவாட்டில் இருந்தால் படத்திலும் 45. கேமரா 30 டிகிரி தள்ளி நின்றால் படத்தில் 41. 60 டிகிரி தள்ளி நின்றால் 27. கயிற்றில் இருந்த பிழை போய் கேமராவில் வேறு பிழை வந்திருக்கிறது. ஆழத்தையும் ஊகித்துச் சொல்லும் மென்பொருள்கள் உண்டு, ஆனால் அது ஊகம்தான்.

அண்ணனிடம் நான் கடைசியில் சொன்னது மூன்று விஷயம். மறுபடி மதிப்பீட்டுக்குப் போகும்போது சதவீதத்தை மட்டும் பார்க்காமல், எந்த மூட்டு எத்தனை டிகிரி என்று எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். தானாக அசைத்தபோது அளந்ததா, பிடித்து அசைத்தபோது அளந்ததா என்று கேளுங்கள், இரண்டும் வேறு வேறு எண். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று தடவை அளந்து சராசரி போடச் சொல்லுங்கள். வேலூரில் ஒரு விரலின் ஒரே மூட்டுக்கு மூன்று விதமாக அளந்து எழுதிவைத்தார்கள். ஒரு மனிதருடைய பிழைப்பைத் தீர்மானிக்கிற தோளுக்கும் முழங்கைக்கும் அந்த அளவு பொறுமையைக் கேட்பதில் தப்பு ஒன்றும் இல்லை.